நசுங்காத எலுமிச்சங்காய்

பஞ்சவர்ணத்திடம் முதலில் கை பேசும், வாய் பிறகுதான். பதினாறு வயதில் பஸ்ஸில் இடுப்பைக் கிள்ளியவனின் விரலைக் கடித்துத் துப்பினாள். கீழே விழுந்த விரல் பயத்தில் இரண்டு சீட் தள்ளி ஓடியதாகச் சொல்பவர்கள் மாங்காட்டில் இன்றும் இருக்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்க வந்த புருஷனைக் குழவிக்கல்லோடு துரத்தினாள். அவன் திருவள்ளூர் தாண்டித்தான் திரும்பியே பார்த்தானாம்.

அப்பேர்ப்பட்டவளை நடுங்க வைத்தது ஒரு கடிகாரம். சென்னீர்குப்பத்தில் ரேஷ்மா என்ற ஐ.டி. பெண்ணின் ஃபிளாட்டில் பஞ்சவர்ணத்துக்குச் சமையல் வேலை. காலை ஏழுக்கு அடுப்பு எரிந்தாக வேண்டும். ஷேர் ஆட்டோவை நம்பி இரண்டு முறை தாமதமாகிவிட்டது. "இன்னொரு தடவை லேட்டானா வேற ஆள் பாத்துடுவேன்க்கா" என்று ரேஷ்மா சொல்லிவிட்டாள். பஞ்சவர்ணம் காதுத்தோட்டை விற்று ஒரு குட்டி மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். இருபத்தைந்துக்கு மேல் ஓடவும் ஓடாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மன் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. பூசாரி சக்கரத்தடியில் எலுமிச்சங்காயை வைத்தார். அவள் வண்டியை உருட்டினாள். சக்கரம் காய்மேல் ஏறி இறங்கியது. காய்க்கு ஒரு கீறல்கூட இல்லை.

பின்னால் புதுக் காரோடு காத்திருந்த மனை புரோக்கர் உத்தமன் கெக்கலித்தான். "இன்னாக்கா, எலுமிச்சங்காகூட நசுங்கல! வண்டியா இது, கொலு பொம்மையா?"

"உன் மண்டைல ஏத்திக் காட்டட்டாடா?"

காயைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் உத்தமனின் ஹாரன் அலறியது. ஒதுங்க இடமில்லை, ஓரமெல்லாம் பள்ளம். கார் இடித்தது. அவள் முகம் தாரில் தேய்ந்தது. எழுந்தபோது இரண்டு பற்கள் அவள் உள்ளங்கையில் இருந்தன.

"ஓரமா போவத் தெரியாது?" என்று இறங்கியவனின் வாயைப் பெயர்த்தாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைக் கார் கதவில் மோதினான், ஒரு தடவை, இன்னொரு தடவை. அவள் அவன் காதைக் கவ்வினாள். கத்தியபடி உதறிவிட்டுக் காருக்குள் பாய்ந்தான்.

"இரு, உன் பொம்மைய சட்னி ஆக்கறேன்!"

கார் பின்னால் போய் உறுமியது. ஸ்கூட்டர் அதற்கு நேர் முன்னே கிடந்தது. மணி ஆறே முக்கால். வண்டி போனால் வேலையும் போச்சு.

இரண்டு ஆள் தூக்குகிற எடை. அன்றைக்கு அவள் ஒருத்தியே இரண்டு ஆள். தலைக்குமேல் தூக்கி, பாய்ந்து வந்த காரின் முன்கண்ணாடியில் இறக்கினாள். கண்ணாடி மழையாகக் கொட்டியது. சக்கரம் உள்ளே நுழைந்து உத்தமனின் மூக்கின்மேல் ஏறி நின்றது. ரத்தம் புது சீட்டை நனைத்தது.

"பாத்தியாடா, ஏத்திட்டேன்!"

வண்டியை உருவி இறக்கிச் சாவியைத் திருகினாள். ஹேண்டில் கோணியிருந்தது, ஆனாலும் ஓடியது.

ரேஷ்மா கதவைத் திறந்தபோது ஏழுக்கு இரண்டு நிமிடம்.

"ஐயோ அக்கா, ரத்தம்!"

"அது கெடக்குது. மணியப் பாத்துக்கினியா?"

உத்தமன் ஸ்டேஷனுக்குப் போனான். இடித்த வண்டியின் நம்பர் கேட்டார்கள். நம்பரே இல்லை என்றான். எந்தப் பக்கமிருந்து வந்தது என்றார்கள். மேலிருந்து என்றான். ஏட்டையா வாயை ஊதச் சொன்னார்.

அந்த நேரத்தில் பஞ்சவர்ணம் எலுமிச்சங்காயைக் கழுவி, அரிவாள்மணையில் இரண்டாக நறுக்கிக்கொண்டிருந்தாள். ரேஷ்மாவின் மதியச் சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம்.