நாலே முக்கால் சுற்று: பாலக்கரையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒரு பின் ஆக்சில் தேடிய கதை

போன வாரம் பின்னூட்டத்தில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அம்மா, என்னிடம் ஒரு பழைய பிக்கப் இருக்கிறது. பின் ஆக்சில் மாற்ற வேண்டும். திருச்சியில் எங்கே தேடலாம், எதைப் பார்த்து வாங்கலாம்?" படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஏனென்றால் அந்தத் தேடலை நானே ஒரு தடவை செய்திருக்கிறேன். அறுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாத வியாழக்கிழமை, ஒரே நாளில். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. நான் போன கடைகள் இப்போது இருக்காது. ஆனால் ஆக்சிலை அளக்கும் முறை மாறவில்லை, அதனால் போன வழியிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வையம்பட்டிக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து கழித்துவிட்ட ஒரு பிக்கப் வாங்கி, கடலை மூட்டையும் காய்கறியும் திருச்சி மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். கல்யாணமான இரண்டாம் வருஷம், "கிணத்துக்கு மோட்டார் போடுற அளவுக்குச் சேர்த்துக்கிட்டு மூணு வருஷத்துல வந்துடுறேன்" என்று பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே சொந்தக்காரர் கடையில் வேலை. வண்டியை என் கொழுந்தன் முருகேசன் ஓட்டினார். ஓட்டினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அடித்தார் என்பதுதான் சரி. என் வீட்டுக்காரர் போன மூன்றாம் வருஷம் மணப்பாறை மேட்டில் 'டணார்' என்று ஒரு சத்தம். சக்கரத்தைச் சுழற்றும் தண்டு முறிந்து, நடுவில் இருக்கும் பல்சக்கரத்தையும் அரைத்துவிட்டது. முழு பின் ஆக்சிலையும் மாற்றினால்தான் உண்டு என்றார் மெக்கானிக். ஐந்து மாதம் வண்டி கொட்டகையில் நின்றது. சீட்டில் கோழி முட்டையிட்டது.

வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிவிட்டேன் என்று மாமனார் ஒரு நாள் அறிவித்தார். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த தொழில் அந்த வண்டி ஒன்றுதான். வண்டி இருந்தால் மூன்று வருஷம் முடிந்ததும் வந்து மறுநாளே சாவியைப் போட்டுக் கிளம்புவார். வண்டி போய்விட்டால் எதற்கு வருவார்? பினாங்கிலேயே கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். இரண்டு நாள் மாமனாரோடு மல்லுக்கு நின்றேன். கடைசியில், "வியாழக்கிழமை ஒரு நாள். முருகேசனைக் கூட்டிக்கிட்டுப் போ. கிடைச்சா போட்டுக்க, கிடைக்கலைன்னா வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

எதைப் பார்த்து வாங்குவது என்று பினாங்கில் இருந்த அவருக்கு ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தேன். பதில் வந்தது. எங்கள் வீட்டில் கடிதம் வந்தால் மாமனார் கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் சத்தமாக வாசிப்பார். எனக்கென்று அதில் ஒரு சொல் கிடையாது. "எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்பதில் நானும் அடக்கம், அவ்வளவுதான். ஆனால் ஆக்சிலைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அதை மட்டும் மாமனாரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். ஊரில் மற்ற பெண்களுக்குப் புருஷன் என்ன எழுதினானோ, எனக்கு என் புருஷன் ஸ்பிரிங் இடைவெளியை எழுதினார். அதையே நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அவர் எழுதியது மூன்று விஷயம். இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை முழு நீளம் பார். இரண்டு ஸ்பிரிங்கும் உட்காரும் இடத்துக்கு நடுவே இடைவெளி பார். மூன்றாவது, ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்று. நடுவில் என்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கில் சாக்பீஸால் கோடு போட்டு, அது எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணு. நம் வண்டிக்கு நாலே முக்கால். நான் பழைய ஆக்சிலை ஒரு சணல் கயிற்றால் அளந்து, முதல் இரண்டு அளவுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

காலை ஆறே காலுக்கு பஸ். திருச்சி முப்பத்திரண்டு மைல், இப்போதைய கணக்கில் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. டிக்கெட் ஆளுக்கு ஒன்றே கால் ரூபாய். எட்டு மணிக்கு ஜங்ஷனில் இறங்கி, ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பாலக்கரைக்கு நடந்தோம். அப்போது பழைய இரும்புக் கடைகள் அங்கேதான் வரிசையாக இருந்தன.

முதல் கடையில் ஒரு ஆக்சில் இருந்தது. கயிற்றைப் பிடித்தால் நாலு விரற்கடை அதிகம். முருகேசன், "நாலு விரல்தானே அண்ணி, பரவாயில்லை" என்றார். "உங்க சட்டை நாலு விரல் பெரிசா இருந்தா நீங்க போட்டுக்குவீங்க தம்பி, சக்கரம் மட்கார்டுல இடிக்கும்" என்றேன். இரண்டாவது கடையில் ஒன்றுமில்லை. மூன்றாவது கடைக்காரர் ஒரு பாய், நல்ல மனுஷன். அவரிடம் இருந்தது பளபளவென்று, எண்ணெய் கசிவுகூட இல்லாமல் இருந்தது. நீளம் சரி, ஸ்பிரிங் இடைவெளியும் சரி. முருகேசன் பணத்தை எடுக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"இருங்க, சுத்திப் பார்க்கணும்" என்றேன். பாய் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், முருகேசன் சுற்றினார், நான் குந்தி உட்கார்ந்து சாக்பீஸ் கோட்டை எண்ணினேன். நாலுகூட வரவில்லை.

"இது இன்னும் நல்லதும்மா, ரோட்டுல பறக்கும்" என்றார் பாய்.

"பறக்க வேண்டாம் பாய். இருபது மூட்டைக் கடலையோட மணப்பாறை மேடு ஏறணும். இதைப் போட்டா நடுமேட்டுல மூச்சு வாங்கி நிக்கும்."

பாய் சிரித்துவிட்டார். "வாஸ்தவம்தான். யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"வீட்டுக்காரர்."

"அவரு வரலையா?"

கடை வாசலில், அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில், கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டேன். "வருவார்" என்று மட்டும் சொன்னேன்.

மணி பன்னிரண்டு. முருகேசன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கடைக்கு ஒரு போல்ட் வாங்க வந்திருந்தார் பொன்மலை ரயில்வே வொர்க்ஷாப் பிட்டர் ஒருவர். நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "இதே மாதிரி வண்டி ஒண்ணு ஸ்ரீரங்கத்துல கெடக்குதுங்க. கொள்ளிடம் போற வழியில, ஒரு சமையல் காண்ட்ராக்டர் வீட்டுக் கொல்லையில. முன்பக்கம் மரத்துல மோதி நொறுங்கிப்போச்சு, பின்பக்கம் அப்படியே இருக்கு" என்றார். அந்தப் புண்ணியவானின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

டவுன் பஸ்ஸில் ஆளுக்குப் பதினைந்து காசு. காவிரிப் பாலம் தாண்டி இறங்கி விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். காண்ட்ராக்டர் மாமா கொல்லையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கல்யாண வீடுகளுக்கு அண்டாவும் குண்டாவும் ஏற்றிப்போன வண்டியாம் அது.

"ஏன்னா, அந்தப் பொண்ணு வெயில்ல நிக்கறதே, ஜலம் வேணுமான்னு கேட்டேளா?" என்று மாமி உள்ளேயிருந்து வந்தார்.

"என் ஸ்பானரை எங்கே வெச்சே?"

"உங்க ஸ்பானருக்கு நான் காவலா? தேடிப் பாருங்கோ." பிறகு என் பக்கம் திரும்பி, "முகூர்த்தம் இல்லாத நாள் வந்தா போறும், பொழுதன்னிக்கும் ஆத்துலயே இருந்துண்டு என் பிராணனை வாங்கறார்மா" என்றார்.

மாமி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். ஸ்பானர் மாமாவின் இடுப்பிலேயே செருகியிருந்தது. மாமி அதை உருவிக் கையில் கொடுத்தார். எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்வது! என் பிராணனை வாங்கவும் ஒருத்தர் வீட்டில் இருக்கக் கூடாதா என்று இருந்தது.

கயிற்றின் முடிச்சு இரண்டும் பொருந்தின. மாமா ஒரு பக்கத்தைப் பிடித்தார், முருகேசன் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதற்கு மேல் அரை தாண்டி, முக்காலில் கோடு நின்றது. "நாலே முக்கால் அண்ணி!" என்று கத்தியது முருகேசன்தான். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நூற்று எண்பது கேட்டார், நூற்று அறுபத்தைந்துக்கு முடிந்தது. மாமாவும் முருகேசனும் ஸ்பானரோடு உட்கார்ந்து அதைக் கழற்றி எடுத்தார்கள்.

மாட்டு வண்டிக்கு மூன்று ரூபாய். பாலக்கரை வரை ஐந்து மைல், இரண்டு மணி நேரம் பிடித்தது. பாலத்தின் மேல் நான் ஆக்சில் மேலேயே உட்கார்ந்து வந்தேன். சேலை பூராவும் கிரீஸ். காவிரியில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடியது. அவர் இப்போதே வந்துவிட்டதுபோல எனக்கு ஒரு சந்தோஷம். பாலக்கரையில் திண்டுக்கல் போகும் லாரி ஒன்றில் ஏற்றி, ஏழே காலுக்கு வையம்பட்டியில் இறங்கினோம்.

மறுநாள் வந்த இரும்புக்காரனை மாமனார் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். பத்து நாளில் ஆக்சில் மாட்டியாயிற்று, வண்டி மேடு ஏறிற்று. அன்றைக்கே பினாங்குக்குக் கடிதம். நீலக் காகிதத்தில் மாமனார் முக்கால்வாசி எழுதி, முருகேசன் மிச்சத்தை எழுதி, எனக்கு அடியில் நாலு வரி இடம் விட்டார்கள். நான் எழுதியது இதுதான்: "ஆக்சில் கிடைத்தது. நீங்கள் சொன்னபடி நாலே முக்கால். வண்டி நன்றாக ஓடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." மாமனார் படிக்கப்போகும் காகிதத்தில் வேறென்ன எழுதுவது? வாருங்கள், வாருங்கள் என்றுதான் நாலு வரியும் எழுதியதாக எனக்கு நினைப்பு.

ஐந்து வாரம் கழித்துப் பதில். மாமனார் கூடத்தில் வாசித்தார். "வண்டி ஓடுவது அறிந்து மிக்க சந்தோஷம். இனி வீட்டுச் செலவுக்குக் கவலை இல்லை. ஆகையால் இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருந்து, மோட்டாரோடு மேலத்துண்டு நிலத்தையும் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்." எல்லாருக்கும் ஏகக் குஷி. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, கொல்லையில் போய் அழுதேன்.

கேட்ட தம்பிக்கு: கயிறு, சாக்பீஸ், கூட ஒரு ஆள், இவை இல்லாமல் போகாதீர்கள். பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். அவசரப்படுத்துகிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் சுற்றிப் பார்க்காமல் பணம் எடுக்காதீர்கள். கடையில் கிடைக்கவில்லை என்றால் மோதி நிற்கும் வண்டி எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள்.

சொன்னபடி இரண்டு வருஷம் கழித்து அவர் வந்தார். ஜங்ஷனிலிருந்து அந்த வண்டியிலேயே கூட்டி வந்தோம், அவரே ஓட்டினார். முருகேசன் பின்னால் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார். மணப்பாறை மேட்டில் வண்டி சிணுங்காமல் ஏறியதும், "நல்ல ஆக்சிலாத்தான் பார்த்திருக்க" என்றார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அதைப் போட்டதே நீங்க வரணும்னுதான்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "வான்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அடுத்த கப்பல்லயே ஏறியிருப்பேனே."

"ஆக்சில் போட்டாச்சு, வண்டி ஓடுதுன்னு எழுதினேனே!"

"அதைப் படிச்சுட்டுத்தானே, நான் இல்லாமலே நீ சமாளிச்சுக்குவேன்னு நினைச்சேன்."

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தார், நிறையச் சண்டை போட்டோம். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ராத்திரி தூக்கம் வராவிட்டால், நான் எழுதாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையையும், அதனால் போன இரண்டு வருஷத்தையும்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.