மாப்பிள்ளைகளின் வரலாறு

போன ஞாயிற்றுக்கிழமை நான் பிரதம அதிதி.

சிரிக்காதீர்கள். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம்கூடப் போட்டிருந்தார்கள். யார் கொடுத்தது என்று எனக்கே தெரியாது. திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

இடம் – செட்டிபாளையத்தில் வாவியோரமாக உள்ள பழைய தென்னந்தோட்டம். நடுவில் பெரிய ஓட்டு வீடு. அங்கேதான் நம் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் நெடுங்காலம் வாழ்ந்து மறைந்தார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நினைவுக் குழுவும் குடும்பமும் மறுபடி முட்டிக்கொள்ளும்... இப்போதுதான் ஒருமாதிரி ஓய்ந்திருக்கிறது.

வேலை சுலபமானது. வாசலில் ஒரு கதிரையில் பெயர்ப்பலகை, மேலே மஞ்சள் துணி. நான் துணியை இழுக்க வேண்டும். பிறகு மேசன் வந்து அதை வீட்டுச் சுவரில் பூட்டுவார். துணி இழுக்கிற வேலையில் என்ன பிழை வரப் போகிறது?

இழுத்தேன். 'எழுத்தாளர் இன்னார் நினைவு இல்லம் – பொதுமக்கள் பார்வைக்கு.'

எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் பச்சைச் சேலை கட்டிய அம்மா மட்டும் தட்டவில்லை. பலகையை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"அப்ப என்ட மகன் எங்க படுக்கிற?"

யார் இவர்? களுதாவளைக்காரி. பக்கத்துக் கதிரையில் எழுத்தாளரின் ஒரே மகள், பெயர் தவமணி. அந்தத் தவமணியின் மகளை ஆவணியில் கட்டப்போகிற மாப்பிள்ளையின் தாய்தான் இவர். சம்மந்தி வீட்டு விழாவாயிற்றே என்று மகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்து பெண் பெட்டி கட்டுவதில்லை. மாப்பிள்ளைதான் கட்டுவார். வீடு தாயிடமிருந்து மகளுக்கு. மாப்பிள்ளை வந்து இருப்பார்... இருந்துகொண்டே இருப்பார். ஆக, இந்த வீடு தவமணியின் மகளுக்கான சீதனம். அதைப் பொதுமக்கள் பார்வைக்கு விட்டால் மாப்பிள்ளை எங்கே வருவார்?

தவமணிக்கு முகம் வெளிறிவிட்டது. "அப்பாக்கு ஒரு போட் வைக்கிறம்" என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஓம் என்றிருக்கிறார். பலகையில் என்ன எழுதியிருக்கும் என்று யார் கேட்பார்கள்?

நிலைமையைச் சமாளிக்கக் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்தார். ஓய்வுபெற்ற அதிபர். மைக்கைப் பிடித்தால் ஓய்வே கிடையாது. தோட்டத்தின் வரலாற்றைச் சொன்னால் எல்லோரும் மனம் உருகிவிடுவார்கள் என்று நம்பினார்.

"இந்தத் தோட்டத்தை முதன்முதலில் உருவாக்கியவர் ஒரு பறங்கித் துரை..."

"அது அவர்ர பொஞ்சாதிட காணி சேர்," என்றார் தவமணி. "துரை சும்மா வந்து இரிந்தவர். அந்த நோனாக்கிட்டத்தான் எங்கட ஆக்கள் வாங்கின."

தலைவர் தண்ணீர் குடித்தார். "அதன்பின் இதைக் கட்டியாண்டவர் பெரிய நிலக்காரரான போடியார்..."

"அவரும் மாப்பிள்ளையா வந்தவர்தான்."

"சூறாவளியில் தென்னைகள் எல்லாம் சாய்ந்தபோது, மனம் தளராமல் மீண்டும் நட்டவர் நமது எழுத்தாளர்..."

"அப்பாவா?" தவமணியே சிரித்துவிட்டார். "அப்பாக்குத் தேங்காயையும் குரும்பையையும் பிரிச்சுத் தெரியா. நட்டது அம்மா. அப்பா நிண்டு பாத்தவர்."

கூட்டம் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை. நானும் மனைவி வீட்டில் இருக்கிறவன். தலைவரும் அப்படித்தான். அங்கே கைதட்டிய ஆண்களில் அநேகம் பேர் அப்படித்தான். பிறகு எப்படி இந்தப் பிழை வந்தது? சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் பெண்களின் வீட்டில். வரலாறு எழுத உட்கார்ந்தால் மட்டும் ஆண்களாகப் பார்த்து வரிசையில் நிறுத்திவிடுகிறோம்!

தலைவர் கடைசிப் பிடியாக ஒன்றைப் பிடித்தார். "சரி தங்கச்சி. ஆனா அவர் எழுதினது இந்த வீட்டிலதானே?"

"வீட்டிலயா? அப்பாட மாமியார் விட்டாத்தானே! வீடு முழுக்கக் கடதாசி எண்டு ஏசினவ. மறுகா அப்பா மேசையத் தூக்கிக்கொண்டு அந்தா... கொப்பராக் கொட்டிலுக்குப் போனவர். எல்லாக் கதையும் அங்க இரிந்துதான் எழுதின."

தோட்டத்தின் கோடியில், தேங்காய் உடைத்து வாட்டுகிற பழைய கொட்டிலைக் காட்டினார்.

எனக்குத் தலை சுற்றியது. ஏன் என்கிறீர்களா? அவர் கதைகளில் எங்கே பார்த்தாலும் புகை வரும். 'இந்தப் புகை மனித மனத்தின் இருள்' என்று இதே பத்திரிகைப் பத்தியில் நான் நீட்டி முழக்கியிருக்கிறேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அது கொப்பரா வாட்ட எரித்த சிரட்டைப் புகை.

சிரிப்பு அடங்கியதும் தவமணி எழுந்து நின்றார்.

"அப்பாட பேர் நிலைக்க வேணும் எண்டு எனக்கும் ஆசைதான் சேர். ஆனா என்ட புள்ளைக்கு இந்த வீட்ட விட்டா வேற ஒண்டும் இல்ல. அப்பாவக் கொண்டாட அவள வெளிய விடச் சொல்றீங்களா?"

ஒரு பெண் வாழப்போகிற வீட்டைக் கேட்காமல் எடுத்து, செத்துப்போன மனிதருக்குக் கொடுக்க வந்திருக்கிறோம். அதற்கு நான் பிரதம அதிதி வேறு.

"பலகையைக் கொட்டிலில் பூட்டினால் என்ன?" என்றேன். அன்று நான் உருப்படியாகப் பேசியது அவ்வளவுதான்.

தலைவர் முதலில் முறுகினார். கொட்டிலுக்கு நினைவு இல்லம் என்று எப்படிச் சொல்வது? 'இல்லம்' என்ற சொல்லுக்கு மேல் பெயின்ற் அடித்துவிடலாம் என்று மேசன் சொன்னார். ஊர்வலமாகப் போனோம். முன்னால் பலகை, பின்னால் நான், எனக்குப் பின்னால் பச்சைச் சேலை அம்மா. வழிநெடுக வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தூரத்தை அளந்துகொண்டே வந்தார்.

"பாக்க வாற சனம் வீட்டுப் பக்கம் வருமா?"

"வராது மச்சாள்," என்றார் தவமணி. "நடுவில வேலி போடுவம்."

பலகை ஏறியது. ஆணி அடித்தபோது தவமணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவின் பெயர் அவர் உண்மையாகவே இருந்த இடத்தில் ஏறிவிட்டது. சம்மந்தியின் முகமும் மலர்ந்தது. தேத்தண்ணி வந்தது, கேக் வந்தது. கலியாணம் பிழைத்தது.

அப்போதுதான் மாப்பிள்ளைப் பையன் மெல்லத் தவமணியின் பக்கம் வந்தான். காலையிலிருந்து வாயே திறக்காதவன். கொட்டிலை மட்டும் உள்ளே வெளியே என்று நன்றாகச் சுற்றிப் பார்த்திருந்தான்.

"மாமி... கலியாணத்துக்குப் பிறகு நானும் இதுக்குள்ள ஒரு மேசை போடலாமா? நானும் கொஞ்சம்... கவிதை எழுதுறனான்."

அவனுடைய தாய் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே கீழே வைத்தார். தவமணி பையனைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"வீட்டில தாராளமா இரிங்க மகன். கொட்டிலப் பத்தி மறுகா கதைப்பம்."

ஆவணியில் கலியாணம் உறுதி. மேசைதான் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.