ஓடுபாதைக்குள் போகுமுன்

கடிதம் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் வாசிக்க எழுதுவதற்கு எனக்கென்ன துணிவு என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் குடியிருந்த மோர்னிங்சைட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரத் தூரத்தில், ஒரு சிறிய விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. பிராந்தியசபைக்குச் சொந்தமானது. இரண்டு பேர், நாலு பேர் ஏறும் விமானங்களும் பறக்கப் பழகும் மாணவர்களும்தான் அங்கே. காலையில் பிக்கப் வண்டியில் ஓடுபாதை நெடுகப் போய், எரியாத பல்புகளை மாற்றி, கிடக்கும் கல்லையும் செத்த பறவையையும் பொறுக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. விமானத்தை இறக்குபவரும் பிக்கப்பில் போகிறவரும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று ஒரே ரேடியோவில் எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். ஓடுபாதைக்குள் போகுமுன் நான் சொல்ல வேண்டியது ஒரேயொரு ஆங்கில வசனம்தான். முகம் தெரியாதவர்கள் என் குரலைக் கேட்பார்களே என்று அதற்கே நாக்கு வறண்டது. வீட்டில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன்.

"உள்ளுக்கை ஆரோடை கதைக்கிறியள்? எனக்குத் தெரியாமல் ஆரையும் ஒளிச்சு வச்சிருக்கிறியளோ?" என்று மனைவி கதவைத் தட்டுவாள்.

இரண்டாம் கிழமையே ரேடியோவை விட்டுவிட்டேன். பிக்கப்பின் கண்ணாடியை இறக்கி, வானத்தைப் பார்த்து, சத்தம் இல்லையென்றால் உள்ளே போய்விடுவேன். நாளைக்குச் சொல்லுவோம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன்.

நவம்பரில் ஒரு காலை. வெயில் கிழக்கே தாழ்வாக நின்று கண்ணில் அடித்தது. மேற்கிலிருந்து காற்று பலமாக வீசியதால் எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பிக்கப்பை நிறுத்தி பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, வெயிலுக்குள்ளிருந்து ஒரு விமானம் நேரே என்னை நோக்கி இறங்கியது. நான் புல்லில் விழுந்தேன். அது உறுமிக்கொண்டு மேலெழும்பி என்னைக் கடந்து போனது.

ஓட்டியவள் இருபது வயது மதிக்கத்தக்க மாணவி. தனியாகப் பறக்கத் தொடங்கி ஒரு கிழமைதான். சுற்றி வந்து இறங்கியதும், அலுவலகத்தில் பயிற்சியாளர் அவளைப் பிடித்துக்கொண்டார். ஓடுபாதையில் வாகனம் நிற்கிறது என்று பிக்கப்பிலிருந்து ரேடியோவில் சொன்னதைக் கவனிக்காதவளை இனித் தனியே விடமுடியாது என்றார். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றாள் அவள். மறுபடியும் கேட்டபோது, ஒருவேளை நான்தான் தவறவிட்டேனோ என்று சொல்லி நிலத்தைப் பார்த்தாள்.

என் மேலதிகாரியான சுப்பவைசர் என் தோளில் தட்டி, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார். வெள்ளிக்கிழமையோடு என் மூன்று மாதத் தகுதிகாண் தவணை முடிந்து வேலை நிரந்தரமாக வேண்டும். நான் வெளியே போனேன். உள்ளே வந்தேன். கோப்பி ஊற்றினேன், குடிக்கவில்லை. திரும்ப வெளியே போய், காசு போடும் தொலைபேசியில் மனைவிக்கு எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நீங்கள் ரேடியோவிலை சொல்லேல்லையோ?"

"இல்லை."

"ஒருநாளும் சொல்லேல்லையோ?"

"முதல் கிழமை சொன்னனான்."

"அந்தப் பிள்ளை இன்னும் அங்கை நிக்குதோ?"

"ஓம்."

"பிறகேன் என்னோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்று வைத்துவிட்டாள்.

உள்ளே அந்தப் பெண் புறப்படுவதற்காகக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சியாளரிடம் போய், அவளில் பிழையில்லை, நான்தான் ரேடியோவில் சொல்லவில்லை என்றேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். கவுண்டரில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்க்க, உரத்துச் சொன்னேன். அப்போதே சொன்னேனே, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள். சுப்பவைசர் பிக்கப்பின் திறப்புச் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினார்.

அடுத்த நாள் என்னை வேலி திருத்த விட்டார்கள். பின்னேரம், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரத் தேவையில்லை என்று கடிதம் தந்தார்கள். காற்று அதிகம் என்பதால் அன்று எந்த விமானமும் பறக்கவில்லை.