துரைராஜ் கதவில் ஒட்டாத நோட்டீஸ்

வீட்டுக் கடனைக் கட்ட முடியாதவர்களின் வாசல் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டுவதுதான் துரைராஜின் பிழைப்பு. தி.நகரில் ஒரு வக்கீல் ஆபீஸில் காலையில் காகிதங்களை வாங்கி, மைதா பசை டப்பாவை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினார் என்றால், சாயங்காலத்துக்குள் ஏழெட்டுக் குடும்பத்தின் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு வருவார். அதற்காக அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. எழுதியவன் ஏசி அறையில் இருக்கிறான், ஒட்டுகிறவன்தானே வெயிலில் நிற்கிறான்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. கண் மட்டத்தில் ஒட்ட வேண்டும், நாலு மூலையும் பிடித்திருக்க வேண்டும். பிறகு நோட்டீஸும் வீட்டு எண்ணும் சேர்ந்து தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ. எண் தெரியாவிட்டால் போட்டோ செல்லாது, மறுபடி போக வேண்டும். பதினெட்டு வருஷத்தில் துரைராஜ் ஒரு கதவுக்கும் மறுபடி போனதில்லை.

எந்த ஏரியாவில் எத்தனை வீடு கடனில் முழுகுகிறது என்பது அவர் காலுக்குத் தெரியும். அடையாறிலும் மயிலாப்பூரிலும் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான், அதுவும் அடுத்த மாதமே வக்கீல் வைத்துத் தடை வாங்கிவிடுவார்கள். ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த அடுக்குமாடிகளில் ஒரே மாடிப்படியில் மூன்று ஒட்டியிருக்கிறார். "ஊரே கடன்லதான் கீது. நோட்டீஸு மட்டும் ஆளைப் பார்த்து வருது" என்பார் மனைவி பாஞ்சாலியிடம்.

அவர்கள் வீடு அடையாற்றங்கரையில் இருந்தது. துரைராஜின் அப்பா ஓலை போட்டது, இவர் காலத்தில் ஷீட்டும் மரக்கதவும் வந்தன. பட்டா கிடையாது. கார்த்திகை மாதம், கரையோர வீடுகளைக் காலி செய்வதற்குக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தபோது இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வந்தவர்கள் கதவில் சிவப்புப் பெயின்டால் 212 என்று எழுதி, தங்கள் பட்டியலில் 'பூட்டிய வீடு' என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை துரைராஜ் நீலப் பெயின்ட் வாங்கி வந்தார்.

"நம்பர் போயிடுமேய்யா" என்றாள் பாஞ்சாலி. "பக்கத்து வூட்ல யாரும் கதவைத் தொடல."

"அது இன்னா கவர்மென்ட் சீலா? வெறும் பெயின்ட்டு. வூட்டை எடுக்கணும்னா கடுதாசி ஒட்டணும், அறுபது நாள் டைம் குடுக்கணும். எனக்கே சட்டம் சொல்றியா?"

அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்த பிறகுதான் நீலம் அடித்தார், அதுவும் இரண்டு கை. பொங்கலுக்கு அந்தக் கரையிலேயே அழகான கதவு அதுதான்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் மைக் கட்டிய ஆட்டோ வந்து, நாளை காலை இடிக்கிறோம், சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. எல்லாரும் மூட்டை கட்டினார்கள். துரைராஜ் மட்டும் அசையவில்லை. "மைக்ல சொன்னா செல்லாது. கடுதாசி வரட்டும்" என்று சாப்பிட்டுப் படுத்தார். பாஞ்சாலி பாத்திரங்களைச் சாக்கில் போட்டாள்.

காலையில் கடுதாசி வரவில்லை, மஞ்சள் இயந்திரம் வந்தது. தெருமுனையில் மேஜை போட்டு ஒரு அதிகாரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெரும்பாக்கத்தில் மாற்று வீட்டுக்கு அவளிடம்தான் டோக்கன் வாங்க வேண்டும். துரைராஜ் ரேஷன் கார்டை நீட்டினார்.

"பூட்டின வீடுன்னு போட்டிருக்குண்ணே. கதவுல நம்பர் காட்டுங்க, எழுதிடலாம்."

"பெயின்ட் அடிச்சிட்டேம்மா."

"அப்போ நம்பரோட போட்டோ இருக்கா? வாடகைக்கு இருந்தவங்களும் கார்டைத்தான் காட்டுறாங்க. நான் எதை வச்சு எழுதறது?"

துரைராஜ் போனைத் திறந்தார். கொட்டிவாக்கத்துக் கதவு இருந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்காரர் வீட்டுக் கதவு இருந்தது. தேக்குக் கதவு, இரும்புக் கதவு, கோலம் போட்ட வாசல் என்று நாலாயிரத்துச் சொச்சம் கதவுகள், எல்லாவற்றிலும் எண் பளிச்சென்று தெரிந்தது. தன் கதவை அவர் ஒருநாளும் போட்டோ எடுத்ததில்லை.

அங்கே பாஞ்சாலி காய் நறுக்கும் கத்தியால் நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நீலம் உதிர்ந்தது, அடியில் மரம்தான் வந்தது. ஒரு துளி சிவப்பு இல்லை. அவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தார். "போதும், வா" என்று துரைராஜ் அவள் கையைப் பிடித்தார். பாஞ்சாலி கத்தியைத் துடைத்துச் சாக்கில் போட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

நான்கு நாள் கழித்து, இருவரும் ஒதுங்கியிருந்த மைத்துனன் அசோகனின் மொட்டை மாடியிலிருந்து கிளம்பி வேலைக்குப் போனார். மயிலாப்பூரில் ஒரே ஒரு நோட்டீஸ். மகன் தொழிலுக்காக வீட்டை அடகு வைத்த சந்திரமௌலி என்ற பெரியவர் கதவைத் திறந்தார்.

"ஏம்ப்பா, இதை உள்கதவுல ஒட்டப்படாதா? அக்கம்பக்கத்துல பார்த்துண்டு போவா."

"வாசல் கதவுதான் சார், ரூல்ஸு" என்று துரைராஜ் பசை தடவினார்.

"எத்தனை நாள் இருக்கு?"

"அறுபது நாள் சார்."

"அறுபதே நாளா? நாப்பது வருஷமா இந்த ஆத்துல இருக்கோம்."

நான்காவது மூலையை அழுத்திக்கொண்டிருந்த துரைராஜின் கை அப்படியே நின்றது. "அறுபது நாள் சார்" என்றார் மறுபடி. "உங்களுக்குக் கடுதாசி குடுத்துகிறாங்க சார்."

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டீஸ் ஒட்ட வந்த ஆள் கதவில் கை வைத்தபடி எதற்கு அழுகிறான் என்று கேட்கவும் தெரியாமல் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். துரைராஜ் குடித்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார், வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் ஆபீஸில் பார்த்தால் நோட்டீஸ் முழுதாக இருந்தது, வீட்டு எண் விழவில்லை. மறுநாள் அதே கதவுக்கு மறுபடி போனார்.