கேற்றடி நாய்க்கு ஒரு மெத்தை

யுத்த காலம். வெள்ளவத்தையில் ஓட்டோக்களுக்குக் கூரைத்துணி தைத்துக்கொண்டிருந்தேன். நரைத்த தாடியோடு ஒரு ஐயா வந்து, நாய்க்கு மெத்தை வேண்டும், மழை தாங்க வேண்டும் என்றார். தெருவில் வேன் ஏதும் நின்றால் கதையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

"உள்ளுக்குப் படுக்க விடுங்கோவன், ஐயா."

"வருகுதில்லை. மகனை வேனில பிடிச்சுக்கொண்டுபோன நாளிலயிருந்து வாசல் கேற்றடியிலதான் கிடக்குது."

இரண்டு துணி காட்டினேன். "மெல்லிசு ஒரு மழைக்காலம் தாங்கும். தடிச்சது நாலு வருஷம் கிடக்கும்."

நாலு வருஷம் என்றதும் தடித்த துணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"மெல்லிசே காணும், தம்பி. அதுக்குள்ள வந்திடுவான்."

அடுத்த மழைக்கு முன்னும் வந்தார். அதற்கடுத்த மழைக்கும் வந்தார். தடித்ததை அவர் கேட்கவுமில்லை, நான் காட்டவுமில்லை.