குஞ்சுகளைக் காட்டாத ப்ளகின்

ஆயுத பூஜை முடிந்த வாரம், ஒரு மதிய நேரம். சேலத்தில் எங்கள் வீட்டு வாசலில் லேப்டாப் பையோடு வந்து நின்றாள் சுமதி. என் கல்லூரித் தோழி. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறாள்.

"ஏம்புள்ள, இதக் கொஞ்சம் பாரு. பண்ணை கேமரா தெரிய மாட்டேங்குது!"

விஷயம் இதுதான். மகளைப் பிரசவத்துக்காகச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். கணவர் லாரியோடு வடக்கே போயிருக்கிறார். பண்ணையிலோ புதிதாக இறக்கிய குஞ்சுகள். சூட்டுக்காகப் போட்டிருக்கும் பல்பு அணைந்தால், குளிரில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துவிடும். பார்த்துக்கொள்ள முருகேசன் என்ற வேலையாள் இருக்கிறார். ஆனாலும் தன் கண்ணால் பார்த்தால்தான் இவளுக்கு நிம்மதி. கேமரா தெரியாவிட்டால் மகளை விட்டுவிட்டுப் பண்ணைக்கு ஓட வேண்டும்.

"அங்க போனா மனசு இங்க. இங்க இருந்தா மனசு அங்க. நான் என்னத்தப் பண்றது?" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது.

லேப்டாப்பைத் திறந்தேன். கேமரா படத்தை பிரவுசரில் காட்டும் குட்டி மென்பொருளான ப்ளகினை அப்டேட் செய்யச் சொன்னது. செய்தேன். 'உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இது பொருந்தாது' என்றது. அட!

"சிஸ்டத்த யாராச்சும் மாத்துனாங்களா?"

"பூஜை லீவுல பையன் ஊட்டுக்கு வந்திருந்தான். எல்லாத்தையும் புதுசாக்கி உட்டுட்டேன்னான்."

குற்றவாளியைப் பிடித்துவிட்டேன்! கேமரா பெட்டி அரதப் பழசு... ப்ளகின் இல்லாமல் படம் காட்டாது. புது பிரவுசரோ ப்ளகினை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நல்லவேளை — புது பிரவுசரைப் பழையது போல நடந்துகொள்ள வைக்க ஒரு செட்டிங் இருந்தது. அதைத் தேடிப் பிடித்து, புது சிஸ்டத்துக்குப் பொருந்துகிற ப்ளகினை இறக்கி, ரீஸ்டார்ட் செய்து...

படம் வந்தது. குஞ்சுகள் வரவில்லை. திரை முழுக்க மங்கலாக மஞ்சள். நடுவே சிவப்பாக ஒரு வட்டம்.

கலர் செட்டிங்கை மாற்றினேன். டிரைவரை அப்டேட் செய்தேன். ம்ஹூம்!

திரையையே பார்த்துக்கொண்டிருந்த சுமதி மெதுவாக வாயைத் திறந்தாள்.

"ஏம்புள்ள... பூஜைக்கு எல்லா மெசினுக்கும் சந்தனம், குங்குமம் வெச்சேன். மோட்டாரு, பேனு... கேமராவுக்குங்கூட."

"கேமராவுல எங்க வெச்ச?"

"நட்ட நடுவுல. கண்ணாடிதான மொகமாட்டம் இருந்துச்சு!"

உடனே பண்ணைக்கு போன் போட்டாள். "முருகேசண்ணா, ஏணி போட்டு ஏறி, கேமரா கண்ணாடியத் தொடச்சு உடுங்க."

"ஆகட்டுங்கம்மா."

திரையில் ஒரு பெரிய கட்டைவிரல் வந்தது. பிறகு ஈரத்துணி. பிறகு — குஞ்சுகள்! பல்பைச் சுற்றிப் பரவலாக, நிம்மதியாகத் தீனி கொத்திக்கொண்டிருந்தன. "நல்லா இருங்க சாமி" என்று திரையைத் தடவிக் கொடுத்துவிட்டு, மகளிடம் கிளம்பினாள் சுமதி.

அவளைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. எங்கள் வீட்டுப் புது கம்ப்யூட்டரை எங்கள் சர்ச் ஃபாதர் மந்திரித்தபோது, தெளித்த தீர்த்தம் கீபோர்டுக்குள் இறங்கி, ஸ்பேஸ் பார் இன்றுவரை ஒட்டிக்கொள்கிறது. யார் எப்படிக் கும்பிட்டால் என்ன... ரிப்பேர் பொதுதானே? எனக்கு உறைத்தது வேறு. சிஸ்டத்தைச் சந்தேகப்பட எவ்வளவு அவசரப்பட்டேன்! கண்ணாடியைத் துடைக்கச் சொல்ல ஏன் தோன்றவே இல்லை?

நேற்று சுமதியிடமிருந்து போட்டோ வந்தது. பேத்தி! கன்னத்தில் கருப்பாக, பெரிதாக, ஒரு திருஷ்டிப் பொட்டு.

பதில் அனுப்பினேன்: "இந்தப் பொட்டையாச்சும் சரியான எடத்துல வெச்சியே!"