பெரியதாழைச் சங்கும் ஒரு நாற்பத்தைந்து ரெக்கார்டும்

காலை 6.40. தூத்துக்குடி ரயில் நிலையத்தில் முதலில் கண்ணில் பட்டது பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு சதுர அட்டை. பக்கத்துக்கு ஏழு அங்குலம். அதில் நான்கு இளைஞர்கள். ஒருவர் கையில் சங்கு. அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தவர் செல்வின். துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்ப்பவர். மூன்று வருடமாக வாட்ஸ்அப்பில் தினமும் பேசிக்கொள்கிறோம். நேரில் பார்ப்பது இதுவே முதல் முறை.

“பயப்படாதீங்க அண்ணாச்சி, கலர் ஜெராக்ஸ்தான். ஒரிஜினல இந்த உப்புக் காத்துல வெளிய எடுப்பேனா?” என்றார்.

அறுபதுகளில் வந்து, அப்போதே அதிகம் விற்காத தமிழ் பாப் ரெக்கார்டுகளைத் தேடித் திரிகிறவர்கள் நாங்கள். குழுவில் முப்பத்தொரு பேர். எந்தப் பிரதி முதல் அச்சு, எதன் லேபிள் பச்சை, எந்த மறுவெளியீட்டில் இரைச்சலைத் துடைக்கிறேன் என்று பாட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் என்பதுதான் பேச்சு. வீட்டில் இருப்பவர்கள் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

அட்டையில் இருந்தது ‘சங்கு ஃபோர்’ என்ற குழு. நான்கு பேரும் இந்தக் கரைக்காரர்கள். 1968-ல் இவர்கள் பதிவு செய்த நான்கு பாட்டுகளைக் கொழும்பில் இருந்த ஒரு சிறிய கம்பெனி நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று ஓடும் ரெக்கார்டாகப் போட்டது. மூன்று பாட்டு ஆண்குரல். நான்காவதான ‘வெள்ளிக்கிழமை தோணி’ மட்டும் பெண்குரல். மெல்லிய, மூக்கடைத்த, சிறுமியின் குரல். உறையில் அவள் படமும் இல்லை, பெயரும் இல்லை. எங்களுக்குள் அவளை ‘அந்தப் பாப்பா’ என்போம். வயது எட்டா பத்தா என்று இரண்டு வருடம் சண்டை போட்டிருக்கிறோம்.

ஆறு மாதத்துக்கு முன் செல்வின் அவரைக் கண்டுபிடித்தார். பாப்பா இல்லை. பாடியபோது வயது பத்தொன்பது. இப்போது எழுபத்தாறு. பெயர் பிலோமினா, தூத்துக்குடியில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், செல்வினின் அக்காளுக்கே பாடம் எடுத்தவர். எங்கள் குழுக்காரர் ஒருவர் கொண்டுவரவிருந்த மறுவெளியீட்டுக்கு அவர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: பெயர் போடக் கூடாது. 1968-லும் பெயரை எடுக்கச் சொன்னவர் அவரே. கொழும்பிலிருந்து வந்த மாதிரிப் பிரதியைக் கேட்டதும், தன் குரல் இவ்வளவு மோசமா என்று திகைத்து, கோயில் பாடற்குழுவிலிருந்தும் விலகிவிட்டார். பிறகு எங்கும் பாடவில்லை.

செல்வினின் சந்தேகம் வேறு. பாட்டு வேகமாக ஓடுகிறது, குரல் அவருடையதுதான், கெட்டது வேகம் என்றார். டீச்சர் ஏற்கவில்லை. “கம்ப்யூட்டர்ல எந்தக் குரலையும் எப்பிடி வேணும்னாலும் ஆக்கலாம். நிரூபணம் கொண்டா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை ரெக்கார்டுக்கான தகடு வெட்டக் கொடுக்கிறார்கள். நான் சென்னையிலிருந்து வந்து இறங்கிய அன்று சனிக்கிழமை.

7.30. நிலையத்துக்கு எதிரே இட்லி, வடை, காபி. ஆளுக்கு எழுபது ரூபாய். வாடகை கார் நாள் முழுக்க மூவாயிரத்து இருநூறு. ஓட்டுநர் பெயர் இசக்கி. வண்டி கிளம்பியதும் செல்வின் பாட்டைப் போட்டார். ஊருக்குத் தெற்கே இரண்டு பக்கமும் உப்பளம். குவியல்களின் மேல் பனையோலை வேய்ந்திருந்தார்கள். பழையகாயல் வருவதற்குள் பாட்டு நான்கு முறை ஓடிவிட்டது.

“இந்தப் பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கா சார்?” என்று இசக்கி கேட்டார்.

“ஏலே, ரோட்டப் பாத்து ஓட்டுல” என்றார் செல்வின்.

முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைக் கடந்து ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால்களின் ஈர வாசனை கண்ணாடியை இறக்கியதும் உள்ளே வந்தது. ஒரு கவுளி, அதாவது ஒரு கட்டு வெற்றிலை, என்ன விலை என்று கேட்க இறங்கலாம் என்றேன். செல்வின் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

8.50. காயல்பட்டினம், முப்பத்திரண்டு கிலோமீட்டர். மறுவெளியீட்டைக் கொண்டுவரும் காஜா இங்கே இருக்கிறார். இருபத்திரண்டு வருடம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பியவர். எங்களுக்கு ‘காஜா காக்கா’. அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைக்கிறார்கள். மாடியில் ஓர் அறை முழுக்க ரெக்கார்டுகள். ஏசி இரவு பகலாக ஓடுகிறது. மனிதர்கள் உட்காரும் கூடத்தில் மின்விசிறி மட்டும்.

காக்கா செல்வினுக்கு எதிர்க்கட்சி. “ஒரே ரெக்கார்டு. மத்த மூணு பாட்டும் சரியா ஓடுது. நாலாவது மட்டும் எப்படி வேகமா ஓடும்? அதுவும் போக, அறுபத்தெட்டுல ஜனங்க எதக் கேட்டாங்களோ அதான் ரெக்கார்டு. திருத்த நாம யாரு?”

“கிதார் சுருதி ஏறியிருக்குல்லா காக்கா?”

“கிதார எப்படியும் முறுக்கலாம் தம்பி.”

“சங்க முறுக்க முடியாதுல்லா?”

எங்கள் பயணத்தின் காரணமே அந்தச் சங்குதான். அந்த நான்காவது பாட்டின் தொடக்கத்தில் மட்டும் நான்கு விநாடி சங்கு ஊதுகிறது. சங்குக்குத் தந்தியும் இல்லை, திருகும் இல்லை. உள்ளே இருக்கும் சுழியின் அளவுதான் அதன் சுரம். யார் ஊதினாலும் ஏறத்தாழ அதே சுரம்தான் வரும். நுனியை மறுபடி வெட்டினால் மட்டும் மாறிவிடும். ரெக்கார்டில் அந்தச் சங்கின் ஒலி 412 ஹெர்ட்ஸ். உண்மையான சங்கும் 412 என்றால் காக்கா சொல்வது சரி, டீச்சரின் குரலும் அதுதான். குறைவாக இருந்தால் செல்வின் சொல்வது சரி. அதை ஊதியவர், அட்டையில் சங்கோடு நிற்கும் சவரிமுத்து, இறந்துவிட்டார். சங்கு அவர் மகன் அந்தோணியிடம், பெரியதாழையில் இருக்கிறது.

காக்காவும் லேப்டாப்பும் வண்டியில் ஏறினார்கள்.

11.05. பெரியதாழை, தூத்துக்குடியிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர். கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு. அதன் அணைப்பில் வரிசையாக ஃபைபர் படகுகள். அந்தோணிக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். படகின் நிழலில் வலைக்கு மிதவை கோத்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா சங்கு குளிக்கப் போன ஆளு. ரெக்கார்டுல ஊதியிருக்காருன்னா இங்கன ஒருத்தனும் நம்ப மாட்டான்” என்றார். செல்வின் அட்டையைக் கொடுத்தார். அந்தோணி அதை முகத்துக்கு அருகில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “மீசைய எங்கருந்து வாங்குனாருன்னு தெரியலையே. எங்ககிட்ட மீச இல்லாமத்தான் இருந்தாரு.”

சங்கு சும்மா இல்லை, தினசரி வேலையில் இருந்தது. ஊர் கால்பந்து அணி கோல் போட்டால் அதை ஊதுகிறார்கள்.

“கோல் வாங்கினால்?” என்று கேட்டேன்.

“அப்ப எதுக்கு ஊதணும்? அத பக்கத்து ஊரு உவரிக்காரன் ஊதிக்கிடுவான்.”

வீட்டுக்குள்ளிருந்து துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒன்றரைச் சாண் நீளம், பழுத்த தந்த நிறம். கொடுக்கும்போதே சொன்னார்: “போன வருசம் கீழ விழுந்துட்டு. ஆசாரிகிட்டக் கொண்டுபோயிச் சரி பண்ணேன்.”

செல்வின் சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காக்கா கடலைப் பார்த்தார்.

“எங்கே உடைந்தது?” என்று நான்தான் கேட்டேன்.

“இந்தா, இந்த விளிம்பு. பேந்தத மட்டும் தேச்சு விட்டாரு. வாய் வைக்கிற எடத்துல கை வைக்கப்படாதுன்னு சொல்லிட்டேன். அந்தப் பூண் எங்கப்பா போட்டது.”

நுனியில் ஒரு பித்தளைப் பூண் இறுக்கியிருந்தது. பூணின் வலப்பக்கம் ஒரு நசுங்கல். அட்டையை அருகில் வைத்துப் பார்த்தோம். படத்திலும் பூண் இருந்தது, வலப்பக்கம் நசுங்கியிருந்தது. நுனி வெட்டப்படவில்லை.

காக்கா மைக்கை எட்டடி தள்ளி வைத்தார். அந்தோணி ஐந்து முறை ஊதினார். திரையில் வந்ததை அப்படியே குறித்துக்கொண்டேன்: 377, 378, 378, 379, 378. ஊதுகிற ஆளால் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று காக்கா பிடிவாதமாகச் சங்கை வாங்கினார். முதல் இரண்டு தடவை காற்று மட்டும் வந்தது.

“டீ ஆத்துத மாதிரி ஊதாதீங்க காக்கா, உதட்ட இறுக்குங்க” என்றார் அந்தோணி.

மூன்றாவது தடவை சங்கு முழங்கியது. 378. தூண்டில் வளைவில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து நின்று, யார் கோல் போட்டது என்று கத்திக் கேட்டார்கள்.

திரும்பும் வழியில் திருச்செந்தூர் வரை காக்கா லேப்டாப்பில் அந்தப் பதிவுகளையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். பிறகு, “வேகம் கூடுதல்தான். ஒத்துக்கிறேன். ஆனா எப்படிக் கூடுச்சு? அது தெரியாம நான் தகடு வெட்ட மாட்டேன்” என்றார்.

மாலை 3.40. கடற்கரைச் சாலைக்கு உள்ளே இரண்டாவது தெரு. டீச்சர் வீட்டில் தட்டு நிறைய மக்ரூன் வைத்திருந்தார். எங்களை உட்கார வைத்துவிட்டு, அவர் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டார்.

“எத்தன தடவ ஊதுனிய?”

“அஞ்சு தடவ டீச்சர். காக்கா ஊதுனது தனி.”

“அளவு எல்லாத்தையும் சொல்லு. நல்லா வந்தத மட்டும் சொல்லாத.”

நான் குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தேன். கூட்டினார், ஐந்தால் வகுத்தார். சராசரி 378. பிறகு 412-ஐ 378-ஆல் வகுத்தார், கால்குலேட்டர் தொடவில்லை. ஒன்று புள்ளி பூஜ்யம் எட்டு ஒன்பது. நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுதல் வேகம். பாட்டின் நீளம் என்ன என்று கேட்டார். 160 விநாடி. “அப்ப நான் பாடுனது நூத்தி எழுபத்திநாலு” என்று எழுதி அடிக்கோடிட்டார்.

காக்கா பொறுக்க முடியாமல், “மத்த மூணு பாட்டு சரியா இருக்கே டீச்சர், இது மட்டும் எப்படி?” என்றார்.

“அன்னைக்கு மூணு பாட்டு முடிஞ்சதும் கரண்ட் போயிட்டு. ரெக்கார்டு பண்ண இங்க வந்த கொழும்புக்காரர் டேப் மெஷின்ல பேட்டரி மாட்டித்தான் என் பாட்ட எடுத்தாரு. பழைய பேட்டரி. ஓடுமோ ஓடாதோன்னு சொல்லிக்கிட்டேதான் எடுத்தாரு.”

பேட்டரி சோர்ந்தால் பதிவின்போது டேப் மெதுவாக நகரும். அதைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாக ஓடும், குரல் மேலே போகும். கொழும்பில் ரெக்கார்டு போட்டவர்களுக்கு இது தெரிய வழியில்லை.

“யா அல்லாஹ்! இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்!”

“நீங்க கேட்டியளா? பாடுனது யாரு, வயசு என்னன்னுதான கேட்டிய. கரண்ட் இருந்துச்சான்னு ஒருத்தனும் கேக்கலியே.”

காக்கா லேப்டாப்பில் அந்த ஒன்பது பங்கைக் குறைத்துப் பாட்டை ஓட்டினார். முதலில் சங்கு. பெரியதாழை மணலில் கேட்ட அதே கனம். பிறகு குரல் வந்தது. பாப்பாவைக் காணவில்லை, கொஞ்சம் தடித்த, நிதானமான ஓர் இளம்பெண்ணின் குரல் பாடியது. வாசலில் நின்ற இசக்கி எட்டிப்பார்த்து, “இது வேற ஆளா சார்?” என்று கேட்டார்.

இரண்டாவது அடி முடிந்ததும் டீச்சர் கையை உயர்த்தினார். காக்கா நிறுத்தினார்.

“இந்த எடத்துல சுருதி விட்டிருக்கேன். கேட்டியளா?”

எங்களுக்குக் கேட்கவில்லை.

“எனக்கு அந்த எடத்துல எப்பவும் விடும். பாடற்குழுவுல சிஸ்டர் இதுக்குத்தான் என் தொடையில கிள்ளுவாவ.” தாளை நான்காக மடித்தார். “இது நான்தான்.”

செல்வின் மக்ரூன் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அதன் பிறகு நான்கு தின்றார். காலை வடைக்குப் பின் அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. டீச்சர் பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார். மூன்று தடவை கேட்டோம். பழைய வேகத்தில் இருப்பதை என்ன செய்வது என்று காக்கா தயங்கிக் கேட்டபோது, “அதையும் கடைசில போடுங்க. தப்பு எதுன்னு தெரிஞ்சாத்தான ஜனங்களுக்குச் சரியான விடை புரியும்” என்றார். காக்காவின் கட்சிக்கும் ஓர் இடம் கிடைத்தது. விடைபெறும்போது காக்கா உறையின் மாதிரித் தாளை டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, அதில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்.

இரவு 7.45. ரயில் நடைமேடையில் தண்ணீர் பாட்டில் இருபது ரூபாய். சென்னையில் எங்கள் குழு மாதம் ஒருமுறை கூடும். மூன்று மணி நேரம் பேசுவோம். வந்தபோது இருந்த கருத்தோடுதான் ஒவ்வொருவரும் திரும்பிப் போவோம். ஒருவர் அளவைப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன், அதுவும் காக்கா. வண்டி நகரத் தொடங்கியபோது குழுவில் அவருடைய செய்தி வந்தது: திருத்திய உறையின் படம். அட்டை முகப்பு பழையதேதான். பின்பக்கத்தில் நான்காவது பாட்டுக்கு நேராக நீளம் 2.54 என்று இருந்தது. அதன் கீழே, பாடியவர்: சூ. பிலோமினா, பி.எஸ்சி., பி.எட்.